இளம் வழக்கறிஞரின் ஒரு நாள்: சேலம் நீதிமன்றங்களில் வாய்தா வாங்குவது மட்டும்தான் வேலையா?

வாழப்பாடி மாணவர்:

அனைவருக்கும் வணக்கம். நான் சட்டப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்திலும் உறவிலும் வழக்கறிஞர் என்று ஒருவரும் இல்லாததால், பதிவு செய்த பின் எந்த அலுவலகத்தில் சேர்வது, சேர்ந்தால் காலை முதல் இரவு வரை என்ன செய்யச் சொல்வார்கள் என்பதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கல்லூரியில் மூத்த மாணவர்களைக் கேட்டால், "முதல் மூன்று வருடம் வழக்குக் கட்டு தூக்கி வாய்தா வாங்க வேண்டும், அவ்வளவுதான்" என்கிறார்கள். அப்பா கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஐந்து ஆண்டுகள் என்னைப் படிக்க வைத்தவரிடம், இன்னும் மூன்று ஆண்டுகள் வாய்தா வாங்கப் போகிறேன் என்று சொல்வதற்கு மனம் வரவில்லை. சேலம் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இப்போது ஜூனியராக இருப்பவர்கள், தங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை விரிவாக எழுதினால் என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி சிவில் ஜூனியர்:

தம்பி, நான் உரிமையியல் வழக்குகளை நடத்தும் ஓர் அலுவலகத்தில் மூன்றாம் ஆண்டாக இருக்கிறேன். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

மறுநாள் வேலை முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். குமாஸ்தா டைரியைப் பார்த்து மறுநாள் கட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கிவிடுவார். அந்தப் பட்டியலை, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் செயலியில் வரும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஜூனியரின் வேலை. டைரியில் உள்ள வழக்கு பட்டியலில் இல்லை என்றால் வேறு நீதிமன்றத்துக்கு மாற்றலாகியிருக்கலாம். பட்டியலில் உள்ள வழக்கு டைரியில் இல்லை என்றால் போன வாய்தாவை யாரோ குறிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவதுதான் ஆபத்து. அதன்பின் ஒவ்வொரு கட்டையும் பிரித்து, போன முறை எதற்காக ஒத்தி வைக்கப்பட்டது, நாளை நம் தரப்பு என்ன செய்தாக வேண்டும், அதற்கான ஆவணம் கட்டில் இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன்.

காலையில் எட்டரை மணிக்கு அலுவலகம் வந்தால் கட்சிக்காரர்கள் ஏற்கெனவே காத்திருப்பார்கள். சீனியர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பத்தேகாலுக்கு நீதிமன்ற வளாகத்தில் இருக்க வேண்டும். பத்தரை மணிக்கு அழைப்பு தொடங்கும். ஒரே சீனியருக்கு ஒரே நேரத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்று, சார்பு நீதிமன்றத்தில் இரண்டு, மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் சில என்று வழக்குகள் இருக்கும். அவர் ஓரிடத்தில் குறுக்கு விசாரணையில் நிற்கும்போது மற்ற இடங்களில் பெயர் அழைக்கப்பட்டால் எழுந்து நிற்க வேண்டியவர் நாம்தான். பாஸ் ஓவர் கேட்கலாம், அதாவது அன்றே சற்று நேரம் கழித்து மீண்டும் அழைக்கச் சொல்லலாம். பெரும்பாலான நீதிபதிகள் தருவார்கள். ஆனால் இரண்டாம் முறை அழைக்கும்போதும் அவர் வரவில்லை என்றால், அந்த வழக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். முந்தைய நாள் எழுதி வைத்த தாள் அப்போதுதான் கைகொடுக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட வாய்தாவுக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாய்தா வாங்குவது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் வழக்கின் கட்டைப் பிரிக்காமலேயே அதை வாங்குகிறவர்கள். ஒரு பிரதிவாதிக்குச் சம்மன் சார்வாகிவிட்டது, அதாவது கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாம் கட்டளை முதல் விதிப்படி அவர் 30 நாட்களுக்குள் எதிருரை, அதாவது தன் எழுத்துப்பூர்வமான பதில், தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அந்த நாட்கள் முடிந்தபின் ஜூனியர் எழுந்து, "அவகாசம் வேண்டும்" என்று மட்டும் சொன்னால், நீதிபதி பிரதிவாதியை ஒருதலைப்பட்சமாக்கிவிட, அதாவது அவர் தரப்பு இல்லாமலேயே வழக்கை நடத்த, முழு வாய்ப்பு உண்டு. அதை நீக்க மனு, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டால் தீர்ப்பை நீக்க 30 நாட்களுக்குள் வேறொரு மனு, அதற்கு எதிர்மனு, அதற்கு ஒரு விசாரணை என்று கட்சிக்காரரின் ஓராண்டு போய்விடும். அதே இடத்தில், "பத்திர நகலுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்திருக்கிறோம், இதோ ரசீது, வரைவு தயாராக இருக்கிறது, ஒரு வாரம் போதும்" என்று சொல்கிற ஜூனியர் அந்த வீட்டையோ நிலத்தையோ காப்பாற்றுகிறார் என்றே நான் சொல்வேன்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்குத் தனி உரிமை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999, 2002 ஆண்டுகளில் செய்த திருத்தங்கள் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அவற்றை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் சேலம் வழக்கறிஞர் சங்கமும் ஒன்று. அந்த வழக்கு சங்கத்தின் பெயரிலேயே அறியப்படுகிறது. 2002 அக்டோபரில் ஒரு தீர்ப்பும் 2005 ஆகஸ்டில் ஒரு தீர்ப்பும் வந்தன. திருத்தங்கள் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், அவற்றை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் விளக்கியது. எதிருரைக்கான 90 நாள் வரம்பு நீதிமன்றத்தின் கையை முழுவதுமாகக் கட்டிப்போடுவதல்ல என்றும், ஆனால் அதைத் தாண்டிய நீட்டிப்பு வழக்கமாகிவிடக் கூடாது, விதிவிலக்கான, கடினமான சூழலில் மட்டுமே தரப்பட வேண்டும் என்றும் சொன்னது. விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்ற பதினேழாம் கட்டளையின் வரம்பும் அப்படித்தான்: கட்சிக்காரரின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால், செலவுத் தொகையோடு, கூடுதல் வாய்தா தரலாம். இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் உரிமையியல் நடைமுறை படிக்கிற மாணவர் 'சேலம் பார்' வழக்கைப் படிக்காமல் தேற முடியாது. அந்தச் சங்கத்தின் ஊரில் நின்று வாய்தா கேட்கும் ஜூனியருக்கு, காரணம் சொல்லிக் கேட்பது கடமை என்பது என் எண்ணம்.

மதியத்துக்குப் பின் எழுத்து வேலை. நகல் மனு போடுவது, சம்மன் அனுப்புவதற்கான பேட்டா கட்டுவது, குறை சொல்லி நீதிமன்றம் திருப்பித் தந்த, அதாவது ரிட்டர்ன் ஆன பிராதை (வழக்கு மனுவை) திருத்தி மீண்டும் தாக்கல் செய்வது போன்றவை. ரிட்டர்னுக்கான காரணங்களைப் படிப்பதே ஒரு படிப்பு. கட்டணம் குறைவு என்று வந்திருந்தால் 1955ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் எந்தப் பிரிவின்கீழ் மதிப்பிட்டிருக்க வேண்டும் என்று தேட வேண்டும். 2017இல், வழக்கின் மதிப்பைப் பொறுத்து வாங்கும் மதிப்புவாரிக் கட்டணம் ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய மாதிரிப் பிராதைப் பார்த்து எழுதுகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

மாலையில் அலுவலகம் திரும்பினால் வரைவு. எனக்கு மிகவும் பிடித்தது சொத்து விவர அட்டவணை எழுதுவது. கிரயப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் அது ஏறத்தாழ ஒரு ஏக்கர். பத்திரம் எழுதிய காலத்தில் ஒரே புல எண்ணாக இருந்தது பின்னர் உட்பிரிவாகி மூன்று எண்களாக நிற்கும். நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் "மேற்கே முனியப்பன் கோவில் போகும் பாதை" என்று இருக்கும். இன்று அந்தப் பாதை தார்ச் சாலையாகி வேறு பெயரில் இருக்கும். இவை எல்லாவற்றையும் புல வரைபடத்தோடு பொருத்தி, பிற்காலத்தில் தீர்ப்பை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா எந்தக் குழப்பமும் இல்லாமல் அந்த இடத்தில் போய் நிற்கும்படி எழுத வேண்டும். அட்டவணை தவறினால், ஜெயித்த தீர்ப்பை நிறைவேற்ற முடியாமல் கட்சிக்காரர் அலைவார். இதை எட்டு, எட்டரை வரை செய்துவிட்டு, மறுநாள் கட்டுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் நாள் முடியும்.

கன்னங்குறிச்சி வழக்கறிஞர்:

மேலே அண்ணன் எழுதியது சிவில் பக்கம். நான் குற்றவியல் அலுவலகத்தில் இருக்கிறேன்; எங்கள் நாள் இப்படி ஒழுங்காக வராது. இரவு பத்து மணிக்கு ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள் என்பார். கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்; விடுமுறை நாளாக இருந்தால் நடுவரின் இல்லத்தில் ரிமாண்ட் (காவலில் வைக்கும் உத்தரவு) நடக்கும். அங்கே நிற்கப் போவது பெரும்பாலும் ஜூனியர்தான். கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா, உடலில் காயம் இருக்கிறதா, குடும்பத்துக்குத் தகவல் போனதா என்று பார்த்து, அந்த இடத்திலேயே நடுவரிடம் சொல்ல வேண்டும். அப்போது சொல்லாததைப் பிறகு சொன்னால் அதற்கு மதிப்பு குறைவு.

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால், அதற்கு முந்தைய குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமும், பிந்தையதற்குப் புதிய சட்டமும் என்று இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை. 437, 438, 439 என்று நாக்கில் பழகிய ஜாமீன் பிரிவுகள் இப்போது 480, 482, 483. இந்த ஒரு விஷயத்தில் மூத்தவர்களும் நாங்களும் ஒரே நேரத்தில் கற்கத் தொடங்கினோம். அதனால் எங்கள் அலுவலகத்தில் ஜூனியர் சொல்லும் பிரிவு எண்ணுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

நான் மிகக் கவனமாகச் செய்யும் வேலை நாள் எண்ணுவது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 187ஆம் பிரிவின்படி, புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை 60 நாட்களுக்குள்ளும், பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் 90 நாட்களுக்குள்ளும் வராவிட்டால், சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் பெறும் உரிமை பிறந்துவிடுகிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கிவிட்டது. குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் நம் மனு உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை போய்விடும். அதனால் எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு நாட்காட்டி தனியாக மாட்டியிருக்கிறோம். யார் யாருக்கு எந்த நாள் என்று அதில் எழுதுவது என் பொறுப்பு.

வாரத்தில் சில மதியங்கள் மத்தியச் சிறையில் போகும். அது 1862இல் கட்டிய சிறை. நீதிமன்றத்திலிருந்து அதிக தூரமில்லை. உள்ளே இருப்பவரிடம், அவருக்காக நாம் வாதாட அதிகாரம் தரும் வக்காலத்தில் கையொப்பம் வாங்க வேண்டும், சிறை அலுவலர் அதைச் சான்றளிக்க வேண்டும், வழக்கறிஞர் நல நிதி வில்லை ஒட்ட வேண்டும். முதல் முறை உள்ளே இருப்பவர்கள் வழக்கைப் பற்றி எதுவும் கேட்பதில்லை; அம்மா சாப்பிட்டாளா, வேலைக்குப் போன இடத்தில் சம்பளப் பாக்கியை வாங்கினார்களா என்றுதான் கேட்பார்கள். அதையும் குறித்துக்கொண்டு வந்து வீட்டாரிடம் சொல்வது என் வழக்கம். யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை அவர் நம்மிடம் உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தங்கைகள் அலுவலகம் தேடும்போது, இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள், மற்ற பெண் ஜூனியர்கள் அங்கே எத்தனை ஆண்டுகள் நிலைத்தார்கள் என்பதைத் தயங்காமல் கேளுங்கள். வரைவு எழுதவும் நகல் மனு போடவும் மட்டும் பெண்களை வைத்துக்கொண்டு, குறுக்கு விசாரணை என்றால் ஆண் ஜூனியரை எழுப்பும் அலுவலகங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் நீதிமன்றத்தில் வாய் திறக்க வராது.

ஓமலூர் மூத்த வழக்கறிஞர்:

இருவரும் சரியாக எழுதியிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாக அலுவலகம் நடத்துகிறவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இன்று நம் நாட்டில் வழக்கறிஞருக்குக் கட்டாயப் பயிற்சிக் காலம் என்று ஒன்று கிடையாது. வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் 1995இல் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கி விதி கொண்டுவந்தது. அப்படி விதி செய்யும் அதிகாரம் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் பார் கவுன்சிலுக்கு இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1999இல் அதை ரத்து செய்தது. இப்போது பட்டம், பதிவு, அகில இந்திய பார் தேர்வு. அவ்வளவுதான் சட்டம் கேட்பது. தேர்வில் தேறுவதும் வழக்கு நடத்தத் தெரிவதும் வேறு வேறு. ஆகவே ஒருவர் வழக்கறிஞராக உருவாவதும் உருவாகாததும் அவர் போய்ச் சேரும் சீனியரின் மனசாட்சியைப் பொறுத்ததாகிவிட்டது. இது நல்ல நிலைமை அல்ல என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். சொல்லிக்கொடுக்காத சீனியரிடம் மூன்று ஆண்டுகள் இருந்தவருக்கு நீதிமன்றக் கட்டடத்தின் வழி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

என் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய ஒவ்வொரு சாட்சிக்கும் ஜூனியர் முந்தைய நாளே தன் கேள்விகளை எழுதித் தர வேண்டும். சாட்சியின் முதல் விசாரணை இப்போது பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாவதால், அதைப் படித்து எந்த வரியில் கேள்வி கேட்கலாம் என்று அடையாளமிட முடியும். மறுநாள் நான் கேட்கும் கேள்விகளில் எது அவருடையது, எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று மாலையில் பேசுவோம். நாம் கேட்காமல் விடும் கேள்வியின் காரணம் புரிய வெகுகாலம் ஆகும். பதில் என்ன வரும் என்று தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பது புத்தகத்தில் ஒரு வரி, கூண்டின் முன் நிற்கும்போது அது முற்றிலும் வேறு.

மேலே மாணவர் மூன்று ஆண்டு என்று எழுதியிருந்தார். உரிமையியல் நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித் துறை அதிகாரியின் சான்றிதழ் வேண்டும், அல்லது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரின் சான்றிதழும், அதற்கு மாவட்ட முதன்மை நீதித் துறை அதிகாரியின் மேலொப்பமும் வேண்டும். அதன்பின் சான்றிதழுக்காக மட்டும் அலுவலகம் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், தினமும் நீதிமன்றம் வராதவருக்கு அந்தச் சான்றிதழில் கையெழுத்திடுவது பொய்ச்சான்று. நாளை அவர் நீதிபதியாக அமரும்போது அதன் விளைவை அனுபவிக்கப் போவது கட்சிக்காரர்கள்.

சூரமங்கலம் ஜூனியர்:

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் பணத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லையே. தம்பியின் அப்பா மண்டியில் கணக்கு எழுதுகிறவர். முதல் ஆண்டில் நான் இருந்த அலுவலகத்தில் பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும்தான் கிடைத்தது. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். காலை எட்டரை முதல் இரவு ஒன்பது வரை வேலை செய்துவிட்டு, அறை வாடகைக்கு ஊரிலிருந்து பணம் வரவழைப்பது எவ்வளவு கூசும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாக உத்தரவிட்டது. ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாகச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்பது அது. சேலம் 15,000 பட்டியலில் வருகிறது. இங்கே எத்தனை அலுவலகங்கள் அதைத் தருகின்றன என்று இந்த இழையைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு 2020இல் ஒரு திட்டம் அறிவித்தது. விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர்கள் விட்டுவிடாதீர்கள். ஆனால் அது சீனியர் தர வேண்டியதற்கு ஈடாகாது.

பதிவுக் கட்டணத்திலும் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு முன்பு பல மாநிலங்களில் பதிவுக்கே பல ஆயிரங்கள் தேவைப்பட்டன. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முதல் வாசலை அந்தத் தீர்ப்பு திறந்தது. இரண்டாம் வாசலைத் திறக்க வேண்டியவர்கள் சீனியர்கள்.

ஓமலூர் மூத்த வழக்கறிஞர்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். வட்ட அளவிலான நீதிமன்றங்களில் தொழில் செய்யும் பல சீனியர்களுக்கே மாதம் நிலையான வருமானம் இல்லை. கட்சிக்காரர் மரவள்ளி வெட்டிய பிறகுதான் கட்டணம் தருவார். அதனால் மூன்று ஜூனியர்களை வைத்துக்கொண்டு மூவருக்கும் 15,000 தர இயலாதவர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்கு முறையாகத் தருவதே சரி. தர இயலாது என்றால் வேலை நேரத்தைக் குறைத்து, ஜூனியர் தன் சொந்த வழக்குகளை அதே அலுவலகத்தில் நடத்த அனுமதிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் முழு நாள் உழைப்பை வாங்கிக்கொள்வதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

ஏற்காடு அடிவாரம்:

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஜூனியர்களுக்கு வருமானமும் அனுபவமும் சேர்ந்து கிடைப்பது வழக்கறிஞர் ஆணையர் நியமனத்தில். இருபத்தாறாம் கட்டளை ஒன்பதாம் விதியின்கீழ், தகராறில் உள்ள இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை நியமிக்கும். கட்டணத்தையும் நீதிமன்றமே நிர்ணயிக்கும். பெரும்பாலும் இளையவர்களுக்கே தருவார்கள்.

மலையில் ஒரு காப்பித் தோட்ட எல்லைத் தகராறில் எனக்கு அப்படி ஒரு நியமனம் வந்தது. இரு தரப்புக்கும் முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பி, நில அளவரையும் அழைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனோம். எல்லைக் கல் ஒன்று காணவில்லை. அந்த வரிசையில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன, அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. நடுவில் இரண்டு மரங்கள் வெட்டப்பட்டு அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. வாதி, "இந்த மரங்களை என் தாத்தா நட்டார், எழுதுங்கள்" என்றார். பிரதிவாதி, "மிளகு நாங்கள்தான் பறிக்கிறோம், எழுதுங்கள்" என்றார். இரண்டையும் எழுதக் கூடாது. இடம் யார் கைவசம் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது ஆணையரின் வேலை அல்ல. அது சாட்சியத்தின் மூலம் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. மரங்கள் எத்தனை, அடிச்சுற்றளவு எவ்வளவு, வெட்டுமுகம் ஈரமாக இருக்கிறதா கறுத்திருக்கிறதா, மிளகுக் கொடியின் தண்டு எவ்வளவு தடிமன், கல் இருந்ததாகச் சொல்லும் இடத்தில் மண் புதிதாகக் கிளறப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதி, வரைபடத்தில் அளவுகளைக் குறித்து, எதைப் பார்க்க வேண்டும் என்று இரு தரப்பும் எழுதித் தந்த குறிப்பு மனுக்களை அப்படியே இணைத்துத் தாக்கல் செய்தேன்.

இந்த அனுபவம் வாதிடுவதற்கும் உதவுகிறது. தான் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் பிரித்து எழுதப் பழகிய ஜூனியருக்கு, சாட்சியின் வாக்குமூலத்தில் எது கண்டது, எது கேட்டது என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். ஆணையர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பம் கேட்கும்போது மறக்காமல் கொடுங்கள்.

வாழப்பாடி மாணவர்:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு இந்த இழையைப் படித்துக் காட்டினேன். வாய்தாவைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. நான் பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் பேசத் தயக்கம் உண்டு. அது தடையாக இருக்குமா? அடுத்து, சொல்லிக்கொடுக்கும் சீனியர் யார் என்பதைச் சேர்வதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

கன்னங்குறிச்சி வழக்கறிஞர்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். சேலத்து நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது, வாதமும் பெரும்பாலும் தமிழில்தான். கட்சிக்காரரின் வாய்மொழியைப் பிசகாமல் பிராதில் கொண்டுவருவதற்கு நல்ல தமிழ் தெரிந்தவர்களே தேவை. ஆனால் உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், முன்தீர்ப்புகளும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆகவே தினமும் ஒரு தீர்ப்பை முழுவதுமாகப் படித்து, அதன் சாரத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். பேசும் தயக்கம் பிறகு போகும்; படிக்கும் தயக்கம்தான் முதலில் போக வேண்டும்.

அஸ்தம்பட்டி சிவில் ஜூனியர்:

இரண்டாவது கேள்விக்கு விடை நீதிமன்ற அறையிலேயே இருக்கிறது. நீதிமன்றங்கள் திறந்த நீதிமன்றங்கள். மாணவராக யாரிடமும் அனுமதி கேட்காமல் பின் வரிசையில் அமைதியாக உட்காரலாம். ஏதேனும் ஒரு சார்பு நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கல்லூரி விடுமுறைக் காலத்தில் தொடர்ந்து காலை பத்தரை மணிக்குப் போய் உட்காருங்கள். எந்த அலுவலகத்தின் ஜூனியர் காரணம் சொல்லி வாய்தா கேட்கிறார், எந்த ஜூனியர் "சீனியர் வருகிறார்" என்று மட்டும் சொல்லி நிற்கிறார் என்று கவனியுங்கள். சீனியர் சாட்சியை விசாரிக்கும்போது அவர் கையில் ஆவணத்தை எடுத்துக் கொடுப்பவர் பக்கத்தைத் தேடுகிறாரா, கேள்வி வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். முன்பே எடுத்து வைக்கிறவர் என்றால், அந்த அலுவலகத்தில் வழக்கைப் பற்றி முந்தைய நாளே ஜூனியரோடு பேசியிருக்கிறார்கள். மதிய இடைவேளையில் அந்த ஜூனியரிடமே போய்ப் பேசுங்கள். உதவித்தொகை எவ்வளவு என்பதையும் அவரிடமே கேளுங்கள், தயங்க வேண்டாம். நம் மாவட்டத்தில் ஆத்தூர், சங்ககிரி, மேட்டூர், ஓமலூர் நீதிமன்றங்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாழப்பாடியிலிருந்து ஆத்தூர் உங்களுக்குப் பக்கம். வாடகை மிச்சமாகும், சிறிய நீதிமன்றத்தில் முதல் குறுக்கு விசாரணை சீக்கிரம் கைக்கு வரும்.

வாழப்பாடி மாணவர்:

நன்றி அண்ணா. தேர்வு முடிந்ததும் முதலில் ஆத்தூர் சார்பு நீதிமன்றத்துக்குப் போகிறேன். அங்கே பார்த்ததை இதே இழையில் எழுதுகிறேன்.